1 லட்சம் யென், முதல் த்சுபா: சான்றிதழோடு ஒன்றா, இல்லாமல் நான்கா, கின்கோவா?

கோயம்புத்தூரில் பவுண்டரி நடத்தும் நண்பர் ஒருவரும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தோழி ஒருவரும் ஒரே மாதத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. 1 லட்சம் யென் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் பணத்தில் 55,000, 60,000 என்று ஏறி இறங்கும் தொகை. பழைய த்சுபா வாங்க வேண்டும். முதலில் எதை வாங்குவது: சான்றிதழ் உள்ள இரும்புத் த்சுபா ஒன்றா, சான்றிதழ் இல்லாதவை மூன்று நான்கா, கின்கோ எனப்படும் இரும்பல்லாத மென் உலோக வேலை ஒன்றா?

த்சுபா என்பது ஜப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கோத்திருக்கும் தகடு. குத்தும்போது கை வழுக்கி அலகின் மேல் போகாமல் தடுக்கும்; வாளின் எடையையும் சமன் செய்யும். பெரிய வாளான கத்தானாவுக்கு உரியது பெரும்பாலும் 7 முதல் 8 சென்டிமீட்டர் அகலம் இருக்கும்; துணை வாளான வாக்கிசாஷிக்கு அதைவிடச் சற்றுச் சின்னது. உள்ளங்கையில் அடங்கிவிடும். நான் இதைச் சேர்க்க ஆரம்பித்த புதிதில் அடிக்கடி இந்தப் பெயரைச் சொல்லக் கேட்ட என் அம்மா, “யாருடா அந்தச் சுபா?” என்று கவலையோடு விசாரித்ததுண்டு.

வாள் இல்லாமல் த்சுபா மட்டும் இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானிய வாளைப் பிடியோடு இணைப்பது ஒரே ஒரு மூங்கில் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் பிடி, த்சுபா எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும். ஆகவே அலகை மாற்றாமலே காலத்துக்கும் அந்தஸ்துக்கும் தக்கபடி த்சுபாவை மாற்றிக்கொள்வது வழக்கம். அப்புறம் 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் தரிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. வாள் அணிகலன் செய்தே பிழைத்த பட்டறைகள் ஏற்றுமதிக்கான பூச்சாடிக்கும் நகைக்கும் மாறின. பழைய த்சுபாக்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. இன்றைக்கும் பாஸ்டன், லண்டன், ஹாம்பர்க் அருங்காட்சியகங்களில் அவை பெரிய தொகுப்புகளாக இருக்கின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. ஜப்பானில் பதிவுச் சீட்டு கேட்பது அலகுக்குத்தான், த்சுபாவுக்கு அல்ல. முழு வாளை இந்தியாவுக்குக் கொண்டுவருவது ஆயுதச் சட்டத்தோடு மல்லுக்கட்டும் வேலை. த்சுபா பெரும்பாலும் அந்த வம்பில் மாட்டாது.

## எதை வைத்து அளப்பது

அழகை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். அழகு உங்கள் விருப்பம். முதல் கொள்முதலுக்கு நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

இது உண்மையானது என்று யாருடைய கண்ணை நம்பிச் சொல்கிறோம்: நம் கண்ணா, விற்பவர் கண்ணா, மூன்றாம் ஆளின் கண்ணா? வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும்? நம் ஊர்க் காற்றில் அதை வைத்துக் காப்பாற்ற முடியுமா? பிடிக்காமல் போனால் விற்க முடியுமா? இதை வாங்கியதால் அடுத்ததை இன்னும் நன்றாக வாங்கக் கற்றுக்கொள்வோமா?

இவற்றில் முதல் கேள்விதான் மற்ற நான்கையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கான பதிலோ, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறதா, படத்தை மட்டும் பார்த்து வாங்கப்போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. நான் சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

## வழி ஒன்று: சான்றிதழ் உள்ள இரும்புத் த்சுபா, ஒன்றே ஒன்று

ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் 1948இல் தொடங்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் என்பிடிஎச்கே என்று ஆங்கில எழுத்துகளால் குறிப்பிடுவது இதைத்தான். டோக்கியோவின் ரியோகோக்கு பகுதியில் வாள் அருங்காட்சியகத்தை நடத்துவதும் இவர்களே. த்சுபாவைக் கொடுத்தால் நிபுணர் குழு பரிசோதித்து, தேறினால் படத்தோடு முத்திரையிட்ட தாள் தரும். இப்போதைய படிநிலை, கீழிருந்து மேலாக: ஹோஸோன், தொகுபெட்சு ஹோஸோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ. நம் தொகைக்கு ஹோஸோன் எட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் எளிமையான தொகுபெட்சு ஹோஸோனும் எட்டும். ஜூயோவைப் பற்றிக் கனவு மட்டும் காணலாம்.

நான் பார்த்து வந்த வரையில், ஜப்பானியக் கடைகளில் ஹோஸோன் தாளோடு வரும் சாதாரண இரும்புத் த்சுபா 50,000 யென்னிலிருந்து தொடங்கி 1 லட்சத்தைத் தாண்டிப் போகும். ‘சாதாரண’ என்று சொன்னதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓவாரி பாணித் த்சுபா ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள். ஓவாரி என்பது இன்றைய நகோயாவைச் சுற்றியுள்ள பழைய நாடு. நான் வேலைக்காகச் சில வருடங்கள் இருந்த ஊர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பைக் குடைந்து வடிவம் மட்டும் நிற்கும்படி விட்ட வேலைக்குச் சுகாஷி என்று பெயர். ஓவாரிச் சுகாஷியில் கோடுகள் தடித்தவை. இடமும் வலமும் சமமாக இருக்கும், வளைவில் தயக்கமே இருக்காது. விளிம்பில் ஆங்காங்கே கட்டி கட்டியாக எழும்பி நிற்கும். இரும்பை மடித்து அடித்தபோது கடினமான பகுதி தேயாமல் தங்கியதால் வந்தது அது. ஜப்பானியர் அதைத் தெக்கொட்சு, அதாவது இரும்பின் எலும்பு என்பார்கள். தெரியாதவர் குறை என்று நினைத்துத் தேய்த்துவிடுவார். தெரிந்தவர் அதற்காகவே கூடுதலாகக் கொடுப்பார்.

இதே விலைக்குள் அக்காசாகா, புஷூ, சோஷூ பாணிகளும் கிடைக்கும். சோஷூ என்பது இன்றைய யாமகுச்சி மாவட்டம். அங்கே ஹாகி நகரத்துப் பட்டறைகள் ஏராளமாகச் செய்து தள்ளியதால் இன்றும் எளிதில் அகப்படும். “சோஷூ ஹாகி ஜூ இன்னார்” என்று பொறித்திருப்பார்கள். ‘ஜூ’ என்றால் அந்த ஊரில் வசிப்பவர் என்று பொருள். ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட நம் பழைய நாதஸ்வர வித்வான்கள் நினைவுக்கு வருவார்கள்.

கையொப்பமே இல்லாத த்சுபாவுக்கும் சான்றிதழ் உண்டு. தாளில் ‘முமேய்’, அதாவது பெயரில்லாதது என்று எழுதி, அருகில் பாணியின் பெயரைக் குறித்திருப்பார்கள். பழைய இரும்புச் சுகாஷி பெரும்பாலும் முமேய்தான். முதல் த்சுபாவுக்கு முமேய் மிக நல்லது என்பது என் கருத்து. கையொப்பம் இல்லாத இடத்தில் பொய்க் கையொப்பமும் இல்லை.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன?

முதலில், தாளுக்கே விலை கொடுக்கிறீர்கள். அதே தரத்தில் தாளில்லாத த்சுபாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கணிசமாக இருக்கும். இரண்டாவது, ஹோஸோன் என்பது உண்மையானது, பாதுகாக்கத் தகுந்தது என்ற தீர்ப்பே தவிர அருமையானது என்ற தீர்ப்பு அல்ல. உப்புச்சப்பில்லாத எத்தனையோ த்சுபாக்கள் ஹோஸோன் தாளோடு கடைகளில் தூங்குகின்றன. மூன்றாவது, தாளையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை உங்களுடையது. தாளில் ஒட்டியிருக்கும் படத்தில் விளிம்புப் பள்ளம், துளையோரத்து உளித் தடங்கள், துளையில் பதித்த செம்பு அடைப்பு ஆகியவை கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே பாணியில் இரண்டு த்சுபா வைத்திருப்பவர் தாளை மாற்றி வைத்துவிட்டால் அதற்குச் சங்கம் பொறுப்பாகாது.

பழைய தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1982க்கு முன்னால் கிச்சோ, தொகுபெட்சு கிச்சோ என்று வேறு படிநிலை இருந்தது. அந்தத் தாள்களோடு இன்றும் த்சுபாக்கள் விற்பனைக்கு வருகின்றன, சற்று மலிவாகவே. தாள் போலியாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் காலத் தீர்ப்புகளை இன்றைய சந்தை அப்படியே ஏற்பதில்லை, அதிலும் பெரிய பெயர் எழுதிய தாளைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். “சான்றிதழ் உண்டு” என்று விற்பவர் சொன்னால், எந்த வருடத்துத் தாள் என்று கேளுங்கள்.

யாருக்கு இது: ஜப்பானுக்குப் போக வழியில்லை, பழைய இரும்பைத் தொட்டுப் பழகியதில்லை, தவறானது வந்துவிட்டால் மனம் விட்டுப்போகும் என்பவருக்கு. உங்கள் கண் பழகும்வரை நிபுணர் கண்ணை வாடகைக்கு எடுக்கிறீர்கள். அந்த வாடகை நியாயமானது.

## வழி இரண்டு: சான்றிதழ் இல்லாதவை, மூன்று நான்கு

அதே 1 லட்சத்தில் தாளில்லாத இரும்புத் த்சுபா நான்கு வாங்கலாம். ஜப்பானிய இணைய ஏலங்களில் 10,000, 15,000, 25,000 என்று வரிசையாக நிற்கும். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்பது ஆபத்தான பொழுதுபோக்கு.

நான் மாட்டியது அப்படித்தான். ஊர் திரும்பிய பிறகு, சோதென் பாணியில் ஒரு த்சுபா. ஹிகோனே நகரத்துச் சோதென் பட்டறையின் பெயரால் வழங்கும் பாணி அது: இரும்பைக் குடைந்து, சீனக் கதைகளின் வீரர்களையும் முனிவர்களையும் மரங்களுக்கு நடுவே நிறுத்தி, முகத்திலும் ஆடையிலும் பொன் பதித்திருப்பார்கள். அந்தக் காலத்திலேயே பலர் நகலெடுத்த பாணி. படத்தில் ஜொலித்தது. வாங்கினேன். ஒரு வருடம் பெருமையாக எல்லாருக்கும் காட்டினேன்.

அந்தக் கோயம்புத்தூர் நண்பரிடமும் காட்டினேன். அவர் பொன்னையும் வீரர்களையும் பார்க்கவேயில்லை. ஜன்னலருகே போய், லென்ஸை வைத்து, குடைந்த ஓட்டைகளின் உள்சுவரைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“இது காஸ்டிங்குங்ணா. அடிச்சு வந்த இரும்பு இல்லீங்க.”

அவருக்கு இந்த ஆசை பிடித்ததே அன்றைக்குத்தான்.

அவர் பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன். அடித்த தகட்டை அறுத்தும் அரம் போட்டும் குடைந்தால் உள்சுவரில் அரத்தின் கோடுகள் ஏதாவது ஓரத்தில் தங்கியிருக்கும். மூலைகள் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் உள்சுவர் சொரசொரவென்று மணல் தடவியது போலிருக்கும். ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழ்க் குழிகள் தெரியும். மூலைகள் சோப்புக் கட்டி போல மழுங்கியிருக்கும். சில சமயம் சுவரின் நடுவில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த மெல்லிய வரி ஓடும். கையொப்பத்தையும் பாருங்கள். உளியால் வெட்டிய எழுத்தின் ஓரத்தில் உலோகம் சற்றே பிதுங்கி எழும்பியிருக்கும். வார்த்த எழுத்து குளித்துவிட்டு வந்தது போல வழவழப்பாக இருக்கும். நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் அடித்த இரும்பு மணி போல ஒலிக்கும் என்பார்கள். ஒலிக்கும்தான், ஆனால் அதிகமாகக் குடைந்த த்சுபா நல்லதாக இருந்தாலும் மொத்தென்று கேட்கலாம். ஆகவே ஒலியை மட்டும் நம்ப முடியாது.

வார்ப்பைவிட நுட்பமான ஆபத்து, நெருப்பில் வெந்த த்சுபா. வீடும் கோட்டையும் தீப்பற்றிய நாடு அது. நெருப்பில் கிடந்த இரும்பின் மேல்தோல் செத்துப்போய்ச் சாம்பல் பூத்து, செதில் செதிலாக இருக்கும். அதன் மேல் கறுப்பு ஏற்றி விற்பார்கள். பழசு, அடித்தது, எல்லாம் உண்மை. ஆனால் நல்ல இரும்பில் தெரியும் கறுஞ்செம்மை ஆழம் போயிருக்கும். படத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கே இன்னும் வராது.

வேறு சில அடையாளங்களும் உண்டு. நடுத்துளை அலகின் அடிப்பகுதி நுழையும் இடம். அதன் மேலும் கீழும் சேகிகானே என்னும் செம்புத் துண்டு பதித்திருந்தாலும், துளையைச் சுற்றி உளியால் தட்டி இறுக்கிய தடங்கள் இருந்தாலும் அது வெவ்வேறு அலகுகளுக்குப் பொருத்தப்பட்டது என்று அர்த்தம். அது குறையல்ல, வாழ்ந்த த்சுபா என்பதற்கான சாட்சி. ஆனால் போலி செய்பவருக்கும் உளி பிடிக்கத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. ஏலத்தில் 15,000 யென்னுக்கு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் நேரடியாக வாங்க முடியாத இடங்களில் இடைத்தரகு நிறுவனம் வேண்டும்; அதன் கட்டணம். விற்பவரிடமிருந்து தரகரின் கிடங்குக்கு உள்ளூர்த் தபால். அங்கிருந்து உங்கள் ஊருக்கு விமானத் தபால், காப்பீடு. வந்து சேர்ந்ததும் வரி: சிங்கப்பூரில் 9 சதவீத ஜிஎஸ்டி, இந்தியாவில் சுங்க வரியும் ஜிஎஸ்டியும், பொருளை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து. வரிக்கு முன்னாலேயே 15,000 என்பது 20,000ஐத் தாண்டியிருக்கும். நான்கையும் ஒன்றாகக் கட்டி அனுப்பச் சொன்னால் தபாலில் மிச்சம் பிடிக்கலாம். திருப்பி அனுப்பும் உரிமை ஏலத்தில் அநேகமாகக் கிடையாது.

“வாங்கிவிட்டு நாமே சான்றிதழுக்கு அனுப்பலாமே” என்று தோழி கேட்டார். அனுப்பலாம். ஜப்பானில் உங்கள் சார்பாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் வேண்டும். பரிசோதனைக் கட்டணம், அவர் கூலி, போகவர தபால் எல்லாம் சேரும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேறாமல் திரும்பியும் வரலாம். 15,000 யென் த்சுபாவுக்கு அது கட்டுப்படியாகாது. இன்னொன்றையும் யோசியுங்கள்: ஜப்பானில் தேறக்கூடிய த்சுபாவைத் தாள் வாங்காமலே ஒருவர் மலிவாக விற்கிறார் என்றால், ஏன்? சில நேரம் நேர்மையான காரணம் இருக்கும். தாத்தாவின் பெட்டியைக் காலி செய்யும் பேரன் அதற்கெல்லாம் மெனக்கெட மாட்டான்.

அதே த்சுபாக்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் கதை தலைகீழாக மாறும். நகோயாவின் ஓசு கன்னோன் கோயில் வளாகத்தில் ஒவ்வொரு மாதமும் 18, 28 தேதிகளில் பழம்பொருள் சந்தை கூடும். கியோட்டோவில் தோஜி கோயிலில் 21ஆம் தேதி, கித்தானோ தென்மங்கு ஆலயத்தில் 25ஆம் தேதி. துணியில் பரப்பி வைத்திருக்கும் இருபது த்சுபாவை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பத்தைத் தூக்கிய பிறகு பதினோராவது கையில் ஏறும்போதே ஏதோ வேறாகத் தெரியும். நான் கற்றுக்கொண்டது எல்லாம் அப்படித்தான். வாங்கியதைவிடத் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்தது பல மடங்கு அதிகம்.

யாருக்கு இது: ஜப்பானில் இருப்பவருக்கு, அடிக்கடி போய்வருபவருக்கு, அல்லது என் நண்பரைப் போல இரும்போடு பிறந்து வளர்ந்த கைக்காரருக்கு. படத்தை மட்டும் பார்த்து வாங்கும் புதியவருக்கு நான்கு மலிவுத் த்சுபா என்பது நான்கு லாட்டரிச் சீட்டு.

## வழி மூன்று: கின்கோ

இரும்பல்லாத மென் உலோக வேலைக்குக் கின்கோ என்று பெயர். இதில்தான் ஜப்பானியரின் உலோகக் கலவை அறிவு உச்சத்துக்குப் போனது. ஷகுதோ என்பது செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்தது. வெறும் கண்ணுக்குச் செம்புபோலத்தான் இருக்கும். முள்ளங்கிச் சாற்றால் துடைத்து, செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த நீரில் கொதிக்கவைத்தால் நீலம் ஓடிய கறுப்பாக மாறும். காக்கைச் சிறகின் நிறம். அவர்களே இதைக் ‘காக்கைப் பொன்’ என்றும் அழைப்பதுண்டு (நம் காக்காப்பொன் வேறு, அது மைக்கா). ஷிபுய்ச்சி என்ற பெயருக்கு நாலில் ஒரு பங்கு என்று பொருள்; செம்பில் அந்த அளவுக்கு வெள்ளி சேர்த்தது, மழைமேகச் சாம்பல் நிறம்.

ஷகுதோ தரையில் மீன் சினை போல மணி மணியாகப் புள்ளி நிரப்புவதற்கு நானாகோ என்று பெயர். ஒவ்வொரு மணியும் குழிந்த முனையுள்ள உளியால் ஒரே அடியில் வந்தது. வரிசை பிசகினால் அழித்து எழுத முடியாது. 15ஆம் நூற்றாண்டின் கோத்தோ யூஜோவில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை பதினேழு தலைமுறை நீடித்த கோத்தோ குடும்பம் இந்த வேலைக்குப் பேர்போனது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, முதல் கொள்முதலாக இது வேண்டாம் என்று சொல்வேன். விலை முதல் காரணம்: கண்ணை நிறுத்தும் கின்கோ 1 லட்சத்தில் அடங்காது. அடங்குவதில் பெரும்பாலானவை எடோ காலக் கடைசியில், அதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கடைச்சரக்காகச் செய்தவை. நானாகோ கோணலாக ஓடும், பூவின் இதழ் பிசுக்கென்று இருக்கும். பேரளவில் செய்த பித்தளை நகல்களும் இந்த விலையில்தான் புழங்குகின்றன.

பராமரிப்பு அடுத்த காரணம், நம் வீடுகளுக்கு இதுவே பெரிய காரணம். அந்த நிறம் முழுவதும் மேல்தோலில் இருக்கிறது. விரலின் வியர்வையே கறை வைக்கும். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்கும் கைகள் இருக்கும் வீட்டில், “பாவம், கறுத்துப் போய்க் கிடக்கே” என்று யாராவது நல்லெண்ணத்தோடு ஒருநாள் எடுத்துத் தேய்த்துவிட்டால் போயிற்று. பிராஸோ தடவினாலும் அதே கதிதான். இருநூறு வருட நிறம் ஐந்து நிமிடத்தில் போகும். திரும்ப ஏற்றத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானில்தான் இருக்கிறார்கள்.

இரும்பு இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. பழைய பருத்தித் துணியால் தினமும் இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும், மாதங்கள் போகப் போக மினுமினுப்பு கூடும். செந்துரு தென்பட்டால் மான் கொம்பு அல்லது எலும்புத் துண்டால் மெல்லச் சுரண்டுவது அங்குள்ள வழக்கம். உப்புத்தாள், கம்பி பிரஷ், துரு நீக்கும் திரவம் எதுவும் கூடாது. சென்னை போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்றுதான் எதிரி. கிரி (பவுலோனியா) மரப் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

யாருக்குக் கின்கோ: ஏற்கெனவே இரண்டு மூன்று இரும்பு வைத்திருப்பவருக்கு, நகை வேலை தெரிந்தவருக்கு, இரும்பு எவ்வளவு சொன்னாலும் மனதைத் தொடவில்லை என்பவருக்கு. அப்போதும் சான்றிதழோடு, காசு சேர்த்துப் பிறகு.

## பெரிய பெயர், சின்ன விலை

இதை ஒரு வழி என்றே சேர்க்க மாட்டேன், ஆனால் எல்லாரும் கேட்கிறார்கள். நோபுயியே, கானேயியே, நாட்சுவோ என்று கையொப்பமிட்ட த்சுபா 30,000 யென்னுக்கு வந்தால் அது கிமேய், பொய்க் கையொப்பம். பெரிய பெயர்களை அவர்கள் காலத்திலிருந்தே பொறித்து விற்றிருக்கிறார்கள். பொய்க் கையொப்பம் உள்ள த்சுபாவும் நல்ல வேலையாக இருக்கலாம். ஆனால் அதை விற்கும்போது ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | சான்றிதழ் உள்ள இரும்பு, ஒன்று | சான்றில்லாத இரும்பு, நான்கு | கின்கோ, ஒன்று |
|---|---|---|---|
| யார் கண் | நிபுணர் குழு | உங்களுடையது மட்டும் | தாள் இருந்தால் குழு. இல்லையென்றால் யாருமில்லை |
| மேற்செலவு | தாளின் விலை, வரி | தரகு, பல தபால்கள், வரி, தவறிப்போனவற்றின் நஷ்டம் | வரி, கூடுதல் காப்பீடு |
| நம் ஊர்க் காற்று | துணியும் கவனமும் போதும் | அதேதான், நான்கு மடங்கு | தொடாமல் வைத்திருக்க வேண்டும் |
| திரும்ப விற்றால் | பெரும்பகுதி மீளும் | பாதி மீண்டால் நல்லது | தரத்தைப் பொறுத்தது |
| கற்றுத் தருவது | நல்லது எப்படி இருக்கும் என்று | தவறு எப்படி இருக்கும் என்று | உலோகக் கலவை, உளி வேலை |

கடைசி வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் தவறானதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நல்லது வந்தாலும் அடையாளம் தெரிவதில்லை. என் சோதென் ஒரு வருடம் எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. ஒப்பிட வேறொன்று என்னிடம் இல்லை.

## இந்தியாவிலிருந்து வாங்குபவர் மட்டும்

மறுவிற்பனை வரிசையில் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள், கைவினைப்பொருள் எதையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப விடுவதில்லை. த்சுபா உள்ளே வருவது எளிது. நாளைக்கு ஜப்பானியக் கடைக்கே திருப்பி விற்றுவிடலாம் என்ற கணக்கு உங்களிடம் இருந்தால், அதை இப்போதே அழித்துவிடுங்கள். உள்ளூரில் வாங்க ஆள் மிகக் குறைவு. ஆகவே நம் ஊர்க்காரருக்கு “பிடிக்காவிட்டால் விற்கலாம்” என்பது பாதி உண்மைதான். இது சான்றிதழ் உள்ளதற்கும் இல்லாததற்கும் பொது. சிங்கப்பூர்த் தோழிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பொட்டலத்தின் மேல் எழுதுவதையும் விற்பவரிடம் பேசிவிடுங்கள். “பழைய வாளின் உலோகக் காப்புத் தகடு, அலகு இல்லை” என்று உள்ளதை உள்ளபடி, படத்தோடும் ரசீதோடும் எழுதச் சொல்லுங்கள். ‘வாள்’ என்று மட்டும் எழுதினால் சுங்கத்தில் கேள்விகள் வரும்.

## இருவரும் செய்தது

தோழியிடம் வழி ஒன்றைச் சொன்னேன். டோக்கியோக் கடை ஒன்றிடம் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, குடைவின் உள்சுவர், தாள் என்று ஐந்து படம் கேட்டு வாங்கினார். ஹோஸோன் தாளோடு ஒரு முமேய் அக்காசாகா, 78,000 யென். தபாலும் வரியும் சேர்ந்து ஒதுக்கிய தொகைக்குள் அடங்கியது. தொலைபேசியில் பேசும்போது கூடவே துணியால் தேய்க்கும் சத்தம் கேட்கிறது.

நண்பரிடமும் வழி ஒன்றைத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. “தாளை வாங்கி நான் என்னங்ணா பண்றது?” என்றார். படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து மூன்று வாங்கினார். இரண்டு நன்றாக அடித்த இரும்பு. அதில் ஒரு சோஷூவைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. மூன்றாவது வார்ப்பு. அவர் கண்ணும் படத்தில் ஏமாந்துதான் போனது. அதை அலுவலக மேசையில் பேப்பர்வெயிட்டாக வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் கொடுத்து, “இது அடிச்சதா, ஊத்துனதா?” என்று கேட்கிறாராம். இதுவரை சரியாகச் சொன்னது இரண்டு பேர், இரண்டு பேரும் மோல்டிங் பிரிவு.